அதே அட்டை

பூசைக்குக் கிளம்ப வேண்டிய ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பெருமாள்மலையில் அந்த வீட்டில் சத்தம். ரஸ்க் பாக்கெட்டில் பாதியைக் காணோம்!

“மூணு பேரு இருக்குற வீட்டுல வேற யாரு திம்பா? ஒடம்பப் பாரு ஒடம்ப... கதவு பத்தல, இன்னும் வாயி அடங்கல!” ரெஜினாவின் குரல் தெருமுனை வரை போனது.

தின்றது லீமாதான். விடியும் முன்னே வயிற்றைப் பிசைந்த பசிக்கு அவள் வேறென்ன செய்வாள்? நூற்றுநாலு கிலோ உடம்பு, நாலடி வைத்தால் மூச்சிரைப்பு, சர்க்கரை. ஏசுவது கணவன் சைமனின் அக்கா. புருஷன் கைவிட்ட நாளிலிருந்து இங்கேதான் இருக்கிறாள்.

“செருப்ப மாட்டிட்டு வெரசா வா!”

லீமா நடந்தாள். பின்னால் வந்த ரெஜினா தரையைப் பார்த்து அலறினாள்.

“ஏசுவே! ரத்தம்! காலக் காட்டுடி!”

செருப்பில் ஆணி ஏறியிருந்தது. பெருவிரல் கறுத்து, பாதமே வீங்கிக் கிடந்தது.

“எப்ப ஏறுச்சுன்னே தெரியல மதினி... வலிக்கவே இல்லையே...”

சைமன் வெள்ளனே டூரிஸ்ட்டுகளை ஏற்றிக்கொண்டு மன்னவனூர் போயிருந்தான். போன் கிடைக்கவில்லை. ரெஜினாவே கார் பிடித்து மலையிறக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தாள்.

“விஷம் மேல ஏறுது. முழங்காலுக்குக் கீழ எடுத்தாகணும், இப்பவே” என்றார் டாக்டரம்மா.

“வாயக் கட்டுன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேனே டாக்டர்! கேட்டாளா இவ?”

“அவங்க வாய மட்டும் சொல்லாதீங்கம்மா. மூச்சு இளைப்புக்கு அஞ்சு நாளைக்கு எழுதின ஸ்டீராய்டு மாத்திரைய அஞ்சு வருஷம் முழுங்கியிருக்காங்க. அதுதான் பசியக் கிளப்பி, உடம்ப ஊத வச்சு, சர்க்கரைய ஏத்தி விட்டுடுச்சு. போன வருஷமே இவங்ககிட்ட சொன்னேன். கொஞ்சங் கொஞ்சமாத்தான் குறைக்க முடியும்னு நானே அளவக் குறைச்சுக் குடுத்துட்டு வரேன், இன்னும் முழுசா விடல. கால் நரம்பு அதுக்கு முன்னாடியே செத்துப்போச்சு.”

ஒரே நாளில் இளைப்பை அடக்கிய மாத்திரையாயிற்றே என்று காலி அட்டையை பைபிளுக்குள் பத்திரப்படுத்தியவள் ரெஜினா. மாதாமாதம் மெடிக்கலில் அதை நீட்டி, “அண்ணே, அதே அட்டை குடுங்க” என்று கேட்டு வாங்கியவளும் அவள்தான்.

“ஒரு வருஷமா நான் வாங்கியாந்ததெல்லாம்...?”

“ஓடையில போட்டேன் மதினி.”

“என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதாடி! தின்னிப் பிண்டம்னு வாய்க்கு வந்தபடி ஏசுனேனே... கேட்டுக்கிட்டே நின்னியே, பாவி!”

“எப்படிச் சொல்ல? உங்க வீட்டுக்காரரு விட்டுட்டுப் போனதுக்கப்புறம் நீங்க சிரிச்சு நான் பாத்ததில்ல. மாத்திரைய என் கையில குடுத்து, ‘இனி மூச்சு வாங்காது பாரு’ன்னு சொல்றப்பதான் உங்க மூஞ்சி தெளியும். அதையும் புடுங்கச் சொல்றீங்களா? நீங்க ஏசுனது எனக்குத் தாங்குச்சு மதினி. இது உங்களுக்குத் தாங்காதே...”

ரெஜினா அந்தப் பெரிய உடம்பை இரு கையாலும் கட்டிக்கொண்டு கதறினாள். கட்டிக்கொண்டு என்ன? போகிற கால் போகத்தான் போகிறது.

நர்ஸ் ஆபரேஷன் தாளை நீட்டினாள். “சொந்தக்காரங்க யாராவது கையெழுத்துப் போடுங்க.”

“நான் மாட்டேன்... இந்தக் கையாலயா? ஐயோ, மாட்டேன்!”

“பேஷண்டுக்கு நீங்க என்ன வேணும்?”

ரெஜினா கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். கட்டிலிலிருந்து லீமாதான் சொன்னாள்.

“அக்கான்னு எழுதிக்கங்க சிஸ்டர். அவங்க போடுவாங்க.”

ரெஜினா பிடித்த பேனா இரண்டு முறை கட்டிலில் விழுந்தது. மூன்றாம் முறை லீமாவே அதை எடுத்து, ரெஜினாவின் விரல்களுக்குள் வைத்து, மேலே தன் கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.