சுரண்டாத படம்

கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்ட படங்களெல்லாம் மின்விசிறிக் காற்றில் லேசாக ஆடின. ஒன்று மட்டும் அசையவில்லை. அந்த விசிறியைக் குறை சொல்லவும் முடியாது. அதன் இறக்கையில் ஒரு சிலந்தி குடித்தனம் நடத்திப் பேரன் பேத்தி எடுத்திருந்தது. ஆனால் அந்த மூச்சுக்கே மற்ற காகிதங்கள் ஆடியபோது, இது மட்டும் பின்னாலிருந்து யாரோ பிடித்திருப்பதுபோல் விறைத்து நிற்பதை ஓவிய ஆசிரியை அன்றுதான் கவனித்தாள்.

மூன்றாம் வகுப்புக்கு அவள் சொல்லிக்கொடுத்தது எளிய வித்தை. மனசில் இருப்பதை மெழுகு வண்ணக்குச்சியால் வரைய வேண்டும்; அதன்மேல் கறுப்புச் சாயத்தை மொத்தமாகப் பூசி மூட வேண்டும்; காய்ந்ததும் ஊசியால் சுரண்டினால் அடியில் இருக்கும் நிறம் கோடு கோடாக எட்டிப்பார்க்கும். பிள்ளைகள் சுரண்டிய சுரண்டலில் மேசையிலிருந்து பக்கத்துப் பையனின் காது வரை எதுவும் தப்பவில்லை. தங்கச்சி பிறந்த கோபத்தை ஒருவன் சிவப்பு எருமையாக வெளியே விட்டான். அப்பாவின் குறட்டையை ஒருத்தி பச்சைப் புயலாக்கி, அதில் கூரையையே பறக்கவிட்டிருந்தாள்.

பட்டாணி மட்டும் சுரண்டவில்லை; அசையாமல் நின்ற படம் அவளுடையதுதான். பட்டாணி ஆசிரியையின் அக்கா மகள். அக்கா வெளியூர் வேலைக்குப் போகும்போது, “பத்திரமா பாத்துக்கோடி, அவ ராத்திரி பயப்படுவா” என்று கையைப் பிடித்து ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தாள்.

“ஏன்டி சுரண்டல?”

“சுரண்டுனா வந்துரும் சித்தி.”

“வகுப்புல சித்தி இல்ல, டீச்சர்.”

“சுரண்டுனா வந்துரும் டீச்சர்.”

“எது வரும்?”

“கட்டிலுக்குப் பின்னாடி நிக்குமே, அது. புடிச்சு உள்ள போட்டுப் பூசிட்டேன்.” பட்டாணி கையைத் தட்டிக்கொண்டாள், குப்பை கொட்டிவிட்டு வந்தவள்போல. “இப்பதான் நல்லாத் தூங்குறேன்.”

உண்மைதான். தெருவையே எழுப்பிய அலறல் கொஞ்ச நாளாக இல்லை.

பிள்ளைகளின் படத்தில் பெரியவர்கள் கைவைக்கக் கூடாது என்று அந்த அறைச் சுவரில் எழுதி ஒட்டியவளே அவள்தான். ஆனால் மறுநாள் பெற்றோர்களுக்கான கண்காட்சி. தலைமையாசிரியை வந்து பார்த்தார். அவர் தும்மினால் அடுத்த தெரு நாய்கள் ஊரைக் காலி செய்துவிடும், அப்படிப்பட்ட குரல்.

“என்னம்மா இது, கரும்பலகையப் பிச்சு மாட்டிருக்கீங்க? பெத்தவங்க பாத்தா சிரிப்பாங்க. ஒண்ணு, கழட்டுங்க. இல்ல, ஏதாவது பண்ணுங்க.”

பள்ளி காலியானது. மழை இருட்டிக்கொண்டு வந்ததால் சாயங்காலமே விளக்குப் போட வேண்டியிருந்தது. பட்டாணி பின்வரிசை பெஞ்சில் தலைசாய்த்துத் தூங்கிப்போனாள். ஈரச் சுண்ணாம்பு வாசனை, மெழுகு வாசனை, கழுவாத தூரிகைகளின் புளித்த வாடை எல்லாம் கலந்து அறைக்குள் தேங்கி நிற்க, ஆசிரியை படத்தை இறக்கி மேசைமேல் வைத்தாள். காகிதம்தானா இது? ஒரு பலகையின் கனம். பாவம், குழந்தை, ஒரு பூவோ நிலாவோ நாமே சுரண்டிவிட்டால் போகிறது என்று நினைத்து ஊசியை எடுத்தாள்.

சர்ர்.

ஒரு மஞ்சள் கோடு. பிறகு ஒரு பெஞ்சின் விளிம்பு. பிறகு கொடி, கிளிப்புகள். அவள் நிலாவைத்தான் சுரண்டினாள். வந்தது இந்த அறை.

ஊசியைப் படத்திலிருந்து விலக்கினாள்.

சுரண்டும் சத்தம் நிற்கவில்லை.

கறுப்பு தானாக உதிர்ந்தது. உள்ளிருந்து. பொடி பொடியாக. படத்தில் பின்வரிசை பெஞ்ச் தெரிந்தது. அதில் தூங்கும் சின்னப் பெண் தெரிந்தாள். அவள்மேல் குனிந்து, கூரைக்கு அடங்காமல் கழுத்தை மடித்துக்கொண்டு நின்ற ஒன்றும் தெரிந்தது.

ஆசிரியை திரும்பிப் பார்த்தாள்.

பெஞ்சில் பட்டாணி மட்டும்தான். ஆனால் அவிழ்ந்து கிடந்த அவள் கூந்தல் மேலே எழும்பி, மூன்று புரியாகப் பிரிந்து, ஆளில்லாமல் பின்னிக்கொண்டிருந்தது. மெதுவாக. பொறுமையாக. ஆசையாக.

சாயப் புட்டி. தூரிகை எங்கே? தூரிகை வேண்டாம். புட்டியை அப்படியே படத்தில் கவிழ்த்தாள். உள்ளங்கையால் தேய்த்தாள். நெட்டை உருவம் மறைந்தது. கழுத்து மறைந்தது. கறுப்பு வழிந்து படத்திலிருந்த பெஞ்ச்மேலும், அதில் தூங்கிய பெண்மேலும் ஓடியது. நிறுத்த முடியவில்லை.

சத்தம் அடங்கியது.

“பட்டாணி, எழுந்திரு. வீட்டுக்குப் போலாம்.”

பெஞ்ச் காலி.

கதவு உள்தாழ்ப்பாளோடு மூடியிருந்தது. அவள் பெஞ்சுக்கு அடியில் பார்த்தாள். அலமாரிக்குப் பின்னால் பார்த்தாள். அக்காவின் கை தன் கையைப் பிடித்த இடம் சுட்டது.

அப்போது மேசைமேல், சர்ர்.

ஈரக் கறுப்பின் இடது ஓரத்தில் ஒரு சின்ன நகத்தின் அகலத்துக்கு மஞ்சள் கோடு விழுந்தது.

“சித்தி... இருட்டா இருக்கு. சுரண்டு சித்தி.”

அவள் ஊசியோடு பாய்ந்தாள்.

வலது ஓரத்தில் இன்னொரு கோடு. அதே மஞ்சள். அதே நகம்.

“சித்தி... இருட்டா இருக்கு. சுரண்டு சித்தி.”

ஒரே குரல். ஒரே விசும்பல். இரண்டு பக்கமும் பிஞ்சு விரல்கள் கறுப்பைக் கீறிக்கொண்டேயிருக்க, நடுவில் அவள் ஊசியை ஓங்கியபடி, இதில் எது பட்டாணி, எது அந்த நெட்டை என்று மாறி மாறிப் பார்த்தாள்.