கையைத் தூக்கினால் மைக் அணையும்

டெலிபோன் அலறியது.

அந்த அலறலில் தூங்கிக்கொண்டிருந்த மின்விசிறிகூட சுற்றத் தொடங்கிவிட்டது என்றால் பாருங்களேன்!

இன்ஸ்பெக்டர் ரிசீவரை எடுத்தாள்.

"மேடம்... மில் தொழிலாளர் சங்கத் தலைவர் பேசுறேன். பல் டாக்டர்கிட்ட இருக்கேன். ஒரு பயங்கரம்..."

"சொல்லுங்க."

"என் மச்சான்... சம்சாரத்தோட தம்பி. மைக்செட் வச்சிருக்கான். எங்க ஆளுங்க இருநூறு பேரைத் தூண்டிவிட்டு மில் குடோனைக் கொளுத்திட்டான். உள்ள வாட்ச்மேன் வேற..."

"நீங்க பாத்தீங்களா?"

"நான் 'அமைதியா கலைஞ்சு போங்க'ன்னு பேசிட்டு நேரா இங்க வந்துட்டேன். இப்பதான் பசங்க போன் பண்ணி அழுதானுங்க."

"அங்கயே இருங்க. வர்றோம்."

பல் டாக்டரின் சாய்வு நாற்காலியில் தலைவர் மல்லாந்திருந்தார். வாயில் பஞ்சு. முகத்தில் இருந்த சோகத்தைப் பார்த்தால் பல்வலிக்கே கண்ணீர் வந்துவிடும்!

இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தாள்.

பின்னால் மச்சான். கழுத்தில் ஹெட்போன் தொங்கியது. கையில் விலங்கு இல்லை. தலைவர் அதைக் கவனிக்கவில்லை.

"பிடிச்சிட்டீங்களா? ஏண்டா மச்சான்... ஒரு உயிருடா. உன்னைத் தூக்குல போட்டாலும் நான் வந்து நிக்க மாட்டேன்."

மச்சான் கழுத்திலிருந்த ஹெட்போனைக் கழற்றினான்.

மீசை முளைத்த நாளிலிருந்து அக்கா புருஷனின் மேடைக்கு ஒயர் இழுப்பவன். இருவருக்கும் ஒரு ஏற்பாடு. தலைவர் வலது கையைத் தூக்கினால் மச்சான் கூட்டத்துக்குக் கட்டிய ஒலிபெருக்கி ஹார்னை அணைத்துவிட வேண்டும். அதுவரை பேசுவது போலீசுக்கு. அதற்குப் பிறகு பேசுவது முன்வரிசைக்கு.

"இன்னிக்கும் கையைத் தூக்கினீங்க மாமா."

"அதுக்கென்னடா?"

"ஹார்ன்தான் அணையும். மைக் அணையாது. ஹெட்போன்ல எனக்குக் கேட்டுட்டேதான் இருக்கும். ரெக்கார்டும் ஓடும். வீட்ல உக்காந்து உங்க பேச்சை நீங்களே ரசிக்கணுமே..."

தலைவரின் வாயிலிருந்து பஞ்சு விழுந்தது.

மச்சான் செல்போனைத் தட்டினான். தலைவரின் குரல் கணீரென்று கிளம்பியது.

"எல்லாரும் சேந்து குடோனைக் கொளுத்துங்க. வாட்ச்மேன் குறுக்க வந்தா அவனையும் சேத்து..."

கொஞ்சம் இரைச்சல். அப்புறம் மேடைக்கு வந்த கார் டிரைவரிடம், மைக் பக்கத்திலேயே, மெதுவாக...

"மாட்டினா மைக்செட்டுக்காரன்தான் தூண்டினான்னு சொல்லிடுவேன். கேனப்பய, நான் என்ன சொன்னாலும் நம்புவான். கொளுத்துனவனுங்க கம்பி எண்ணட்டும். நமக்கு வேற ஆளா இல்ல?"

மச்சான் செல்போனைப் பைக்குள் போட்டான்.

"காலையில அக்கா நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே டப்பாலதான் சோறு கட்டினா மாமா..."

தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பழம் தின்று கொட்டை போட்டவர் ஆயிற்றே!

"சரி, பேசினேன். வெறும் பேச்சுதானே மேடம்? நான் தீக்குச்சியைத் தொட்டேனா? எரிச்சவனைப் பிடிங்க."

"யாரும் எரிக்கலையே."

"என்னது?"

"உங்க கார் கிளம்பினதும் உங்க மச்சான் இதே ரெக்கார்டை ஹார்ன்ல போட்டுட்டாரு. கூட்டம் கேட்டுச்சு. காறித் துப்பிட்டு வீட்டுக்குப் போயிடுச்சு. வாட்ச்மேன் குடோன் வாசல்ல டீ குடிச்சிட்டிருக்காரு. எரியாத குடோனுக்கு எந்தப் பசங்க சார் போன் பண்ணி அழுதாங்க?"

தலைவர் கீழே விழுந்த பஞ்சைத் தேடினார்.

"நீங்க எனக்கு போன் பண்ணப்ப இவரு ரெக்கார்டைக் கொடுக்க வந்து என் எதிர்லதான் உக்காந்திருந்தாரு. எல்லாத்தையும் கேட்டாரு."

திடீரென்று தலைவரின் முகம் மலர்ந்தது.

"அப்ப எதுவுமே நடக்கலை. கேஸே இல்லையே!"

"கும்பலைக் கூட்டிக் கொளுத்தச் சொன்னதே குற்றம் சார். அவங்க கொளுத்தினாலும் சரி, வீட்டுக்குப் போய்ப் படுத்தாலும் சரி."

பழக்கதோஷம். தலைவரின் வலது கை தானாக உயர்ந்தது.

இந்த முறை மச்சான் எதையும் அணைக்கவில்லை.

உயர்ந்த கையிலேயே இன்ஸ்பெக்டர் விலங்கை மாட்டினாள்.

இடுக்கியோடு ஓரமாக நின்ற டாக்டர் பெருமூச்சு விட்டார்.

"நல்ல பேஷண்ட் மேடம். பல்லைப் பிடுங்க வாயைத் திறங்கன்னு நான் அரை மணி நேரமா கெஞ்சுறேன்... திறக்க வேண்டாத இடத்துல திறந்துட்டு வந்திருக்காரு!"