ஆள் இல்லாத அறைகள்

நூலகப் படத்தில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

அவள் கேட்டது வெறும் அறையை. கூரையைத் தொடும் அலமாரிகள், நீளமான மேஜை, ஜன்னல் வழியே சரிந்து விழும் வெயில், ஆள் யாரும் வேண்டாம் என்று தெளிவாகத்தான் தட்டியிருந்தாள். கேட்டதைப் படமாக்கித் தரும் ஏஐ எல்லாவற்றையும் கொடுத்திருந்தது. கூடவே, மேஜையின் கோடியில் முதுகைக் காட்டிக்கொண்டு, மூக்கு காகிதத்தில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து வரைந்துகொண்டிருந்த ஒரு பெண்ணையும்.

ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி. நாலு மணிக்கு எல்லோரும் விளையாட வந்துவிடுவார்கள்.

ஐந்து வருடமாக அவள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நடக்கிற விளையாட்டு அது. அவள் கதை சொல்வாள். மற்றவர்கள் வீரனாகவும் சூனியக்காரியாகவும் திருடனாகவும் மாறிப் பேசிப் பகடை உருட்டுவார்கள். கதை முழுக்க ஏழு முற்றங்கள் கொண்ட ஒரு பாழடைந்த மாளிகைக்குள்ளேயே நடக்கும். அதன் நாற்பது அறைகளையும் ஒவ்வொன்றாக வரைந்து தருபவள் அவளுடைய பள்ளித் தோழி. எந்நேரமும் காதில் பென்சில் செருகியிருப்பதால் கூட்டத்தில் அவளுக்குப் பெயரே பென்சில்தான்.

இந்த வருடம் பென்சிலின் படங்கள் தாமதமாயின. ஏனென்று அவளுக்கு மட்டும் தெரியும். தான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் பென்சிலின் கண்ணைப் பரிசோதித்தவளே அவள்தான். எட்டு மாதத்தில் மூன்று முறை பவர் ஏறியிருந்தது.

"யார்கிட்டயும் சொல்லிடாத," என்று பென்சில் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "தம்பிக்கே தெரியாது."

இவள் சொல்லிவிட்டாள். படம் ஏன் வரவில்லை என்று மற்றவர்கள் நச்சரித்தபோது வாய் தவறி வந்துவிட்டது என்றுதான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு பென்சிலின் படங்களையெல்லாம் போனில் படம் பிடித்து ஏஐக்குக் கொடுத்தாள். ஐந்து வருட வேலை ஒரே சாயங்காலத்தில் வண்ணத்தில் வந்து நின்றது.

போன ஞாயிறு அவற்றை டிவியில் போட்டுக் காட்டினாள். விளையாட்டில் வீரனாக வரும் மருந்துக்கடைக்காரர் கைதட்டினார்.

"அட்டகாசம்! இனிமே நீங்க சிரமப்பட வேண்டாம் பென்சில். கண்ணு வேற போயிட்டிருக்காமே, பாவம்."

பென்சில் அவரைப் பார்க்கவில்லை. இவளைப் பார்த்தாள்.

"சொல்லிட்டியா?"

அவ்வளவுதான் கேட்டாள். மடியில் சுருட்டி வைத்திருந்த புதுப் படத்தைப் பிரிக்காமலேயே எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். கன்னத்தில் ஓர் அறை விட்டிருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது இவளுக்கு. வாரம் முழுக்கப் போனை எடுப்பதும் வைப்பதுமாகவே போயிற்று.

இப்போது திரையில் அந்த முதுகு. அந்தக் குனிந்த பிடரியை அவளுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து தெரியும். முகம் சூடேறியது. குத்திக்காட்டுவதற்கென்றே யாரோ அனுப்பிய மாதிரி இருந்தது.

'அந்தப் பெண்ணை நீக்கு' என்று தட்டினாள்.

'நீக்கிவிட்டேன்.'

நாற்காலி காலியாக இருந்தது. ஆனால் அடுத்து திறந்த படிக்கட்டுப் படத்தில், போன வாரம் யாருமே இல்லாத மூன்றாம் படியில், அதே பெண், அதே குனிவு. நீக்கினாள். சமையலறையில் இருந்தாள். நீக்கினாள். முற்றத்தில், ஆயுதக் கிடங்கில், குழந்தைகள் அறையில் இருந்தாள். மின்விசிறியின் கிறீச்சொலிக்கு அடியில் காகிதத்தை ரப்பரால் தேய்ப்பதுபோல ஏதோ ஒன்று விட்டுவிட்டுக் கேட்டது; அறையெங்கும் புதிதாகச் சீவிய பென்சிலின் மரவாசனை எழுந்தது; அந்த வீட்டில் பென்சில் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு படத்திலும் அந்தத் தலை கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்துகொண்டே வந்தது, யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல.

நாற்பதாவது படம், மாடி அறை. அந்தப் பெண் எழுந்து நின்றிருந்தாள். முகம் இந்தப் பக்கம். இரண்டு கைகளும் முன்னால் நீண்டிருந்தன. திடீரென்று கரண்ட் போனால் நிற்போமே, அப்படி.

பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள்.

நீக்கு என்று தட்டினாள்.

எல்லா அறைகளும் வெறுமையாயின. ரப்பர் சத்தம் நின்றது. அப்பாடா என்றிருந்தது. அப்படி இருந்ததற்காகக் கூசியது.

போன் அடித்தது. பென்சிலின் தம்பி.

"அக்கா, அவ அங்க வந்திருக்காளா?"

"இல்லையேப்பா. ஏன்?"

"இங்கதான் உக்காந்து வரைஞ்சிட்டிருந்தா. காபி போட்டு எடுத்துட்டு வர்றேன், ஆளைக் காணோம். செருப்பு இருக்கு. கண்ணாடியும் மேஜை மேலயே கெடக்கு. அது இல்லாம அவ வாசலுக்குக்கூட வரமாட்டாளே."

அவள் கை தானாகவே தட்டியது: 'அந்தப் பெண்ணைத் திரும்பக் கொண்டுவா.'

திரையில் ஒரு பெண் வந்தாள். அழகானவள். பெரிய, தெளிவான கண்கள். அவளைப் பார்த்துச் சிரித்தாள். யாரோ ஒருத்தி; பென்சில் இல்லை.

இரண்டு தெரு. ஓடினாள். பட்டப்பகல், ஐஸ்கிரீம் வண்டி மணி, வராந்தாவில் பேப்பர் படிக்கிற கிழவர். பென்சில் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே அதே சீவிய பென்சில் வாசனை, தொண்டையைக் கரகரக்க வைக்கிற அளவுக்கு.

மேஜைக்கு முன்னால் பென்சில் உட்கார்ந்திருந்தாள். குனிந்து வரைந்துகொண்டு.

உயிர் வந்தது. "இங்கதானேப்பா இருக்கா..." என்று தம்பிக்குக் குரல் கொடுத்தாள்.

கொல்லைப்புறத்திலிருந்து தம்பி வந்தான். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. "தெருமுனை வரைக்கும் பாத்துட்டேன்க்கா. எங்கயும் இல்ல."

அங்கே ஒருத்தி இருப்பதே தெரியாதவன்போல அவன் பென்சிலின் தோளுக்கு மேலாகக் குனிந்து மேஜையிலிருந்த கண்ணாடியை எடுத்தான். சட்டை நுனியால் துடைத்தான்.

"நீங்களும் அவளும் சண்டையா? வாரம் பூரா அவ பேசவே இல்ல. கேட்டா, ஒண்ணுமில்லன்னுட்டா."

பென்சிலின் கை நகர்ந்துகொண்டிருந்தது. சரக். சரக்.

சொல்லிவிட வேண்டும். நான்தான்டா. கண்ணைப் பத்தி ஊருக்கே சொன்னேன். அவ வரைஞ்சதைத் திருடினேன். அவளை நாப்பது தடவை அழிச்சேன்.

"என்னக்கா ஆச்சு? சொல்லுங்க."

அவன் அவள் முகத்தையே பார்த்தான்.

"ஒண்ணுமில்லப்பா," என்றாள்.

சரக் நின்றது. பென்சிலின் தலை மெதுவாக இவள் குரல் வந்த பக்கம் திரும்பியது. மறுபடி குனிந்துகொண்டது.

தம்பி பெருமூச்சு விட்டான். தேடி அலைந்து ஓய்ந்துபோயிருந்தான். பென்சில் உட்கார்ந்திருந்த நாற்காலியையே பின்னால் இழுத்தான்.

"வேண்டாம்! அதுல உக்காராத..."

உட்கார்ந்துவிட்டான்.

கண்ணாடியை இரண்டு கைகளாலும் மடியில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்தான். அவன் சட்டைப் பொத்தான்களுக்கு நடுவிலிருந்து இன்னும் இரண்டு கைகள் நீண்டிருந்தன. கரி படிந்த விரல்கள். ஒன்று காகிதத்தை அழுத்திப் பிடித்திருந்தது. மற்றொன்று வரைந்துகொண்டிருந்தது.