பன்னிரண்டுக்கும் பதினெட்டுக்கும் நடுவே

வெள்ளிக்கிழமை மாலை உறையைக் கட்டி வைத்தபோது ஹிசாயோ எண்ணிய தாள்கள் ஒன்பது. ஞாயிறு மதியம் அதே உறையைப் பிரித்து எண்ணினால் பத்து இருந்தது. இருபது வருடமாகத் தாள் எண்ணிப் பழகிய விரல்கள் தப்பு செய்யாது. ஆனாலும் மறுபடி எண்ணினாள். பத்துதான். கூடுதலாக வந்திருந்தது ஒரு மஞ்சள் தாள்.

யாமசே அனிமேஷன் ஸ்டூடியோவில் மஞ்சள் தாளில் திருத்தம் போடும் உரிமை ஒரே ஆளுக்குத்தான் இருந்தது. தொகியாமா. எல்லோருக்கும் அவர் பெரியவர். மார்ச் மாதம் ஜன்னலோர மேஜையில், பென்சிலைப் பிடித்த கை பிடித்தபடியே இருக்க, மூளையில் ரத்தக்குழாய் வெடித்துச் செத்துப்போனார். எடுத்த படம் முடிகிறவரை செத்தவரின் மெத்தையை நாற்காலியிலிருந்து எடுக்கக் கூடாது என்பது அங்கே வழக்கம். அவர் உட்கார்ந்து உட்கார்ந்து குழிவிழுந்த நீல மெத்தை இன்னும் அங்கேயே கிடந்தது. ஹிசாயோ அந்தப் பக்கம் பார்ப்பதைத் தவிர்த்து மூன்று மாதமாகிறது.

பழைய கட்டிலிருந்து நழுவி வந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தாளைத் தூக்கினாள். கட்டைவிரலில் கரி ஒட்டியது. மூன்று மாதத்துக்கு முந்தைய பென்சில் கோடு இப்படி ஒட்டாது. மணிக்கட்டு வலிக்குப் பெரியவர் ஒட்டிக்கொள்ளும் கற்பூர பிளாஸ்திரியின் நெடியும் லேசாக வந்தது. அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். வெளியே ஜூன் மாதத்து மழை, மூன்றாம் நாளாக விடாமல், ஏ.சி. பெட்டியின் தகரத்தில் ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது. விளக்குப் பலகைகளுக்காக அந்த அறையின் திரைச்சீலைகளை எப்போதும் திறப்பதில்லை; நட்ட நடு மதியத்திலும் அங்கே வெளிச்சம் என்றால் மேஜைக்கு மேஜை கீழிருந்து முகத்தில் அடிக்கிற வெள்ளை வெளிச்சம்தான். மற்றவர்கள் எல்லோரும் முப்பதாம் ஆண்டுக் கண்காட்சிக்குப் படம் மாட்ட நக்கானோ போய்விட்டார்கள். இருந்தது அவளும், அறையின் அந்தக் கோடியில் அட்டவணைகளைப் புரட்டிக்கொண்டிருந்த அவள் கணவன் நோபுகியும்.

கடைசிக் காட்சி அது. தாளுக்கு ஒன்றாகப் பதினெட்டு படங்கள். எட்டை முடித்திருந்தாள்; கடைசியான பதினெட்டைப் பெரியவரே முன்பு வரைந்து வைத்திருந்தார். மாலை ஆறு மணிக்குள் மிச்சத்தையும் முடித்துக் கொடுத்தால் நோபுகி காரில் கொண்டுபோய்ச் சேர்ப்பான்.

முப்பது வருடத்தில் ஸ்டூடியோ எடுத்தது பத்தொன்பது திரைப்படங்கள். பேய்க்கதை, போர்க்கதை, ஒரு பள்ளிக்கூடக் காதல் கதை கூட உண்டு. கதை எதுவானாலும் சாவு மட்டும் ஒன்றே. மழை பெய்யும். ஒருவர் தனியாக உட்கார்ந்து வேலை செய்வார். ஏதோ சத்தம் கேட்கும். இடது தோளுக்கு மேலாகத் திரும்பி, மூன்று படங்கள் நேரம் பார்க்கிறவனையே பார்ப்பார். பிறகு அடி. அடித்தவனைக் காட்டவே மாட்டார்கள். ரத்தம் கறுப்பு. ரசிகர்கள் இதைப் பட்டியல் போட்டு வைத்துக்கொண்டு சண்டை பிடிப்பார்கள். ஒவ்வொரு சாவுக்கும் பெரியவர் ஸ்டூடியோ ஆள் ஒருவரை நாற்காலியில் உட்காரவைத்து, திரும்பச் சொல்லி, நேரில் பார்த்து வரைவார். கணக்கர் நான்காம் படத்தில் செத்தவர். சமையற்காரம்மா ஒன்பதில். குடிக்கப் போனால் அதைச் சொல்லித்தான் பீற்றிக்கொள்வார்கள். இருபதாம் படத்துக்கு, பிப்ரவரியில், நாற்காலியில் உட்கார்ந்தது நோபுகி. முடிக்காமல் பெரியவர் போய்ச்சேர்ந்தது இந்த ஒரு சாவைத்தான்.

மஞ்சள் தாள் இந்தக் காட்சியின் ஒன்பதாம் படத்துக்கானது. திரும்பும் கழுத்து. ஹிசாயோ நினைத்திருந்த கோணத்தை விடக் கொஞ்சம் அதிகமாகத் திருகியிருந்தது. அருகே பெரியவரின் கோணல் கையெழுத்து: ‘அவனுக்குக் கேட்டுவிட்டது.’

மஞ்சள் தாள் வந்தால் கேள்வி கேட்கக் கூடாது. மேலே வெள்ளைத் தாளைப் போட்டு அப்படியே கோடு இழுக்க வேண்டியதுதான். இருபது வருடத்துப் பழக்கம் கையை இழுத்துக்கொண்டு போனது. தாள்களைத் துளையில் கோத்துப் பிடிக்கும் கம்பியில் தாளை மாட்டினாள், இழுத்தாள், வழக்கம்போல் தாள்களின் நுனிகளை விரலிடுக்குகளில் தூக்கிப் பிடித்து ஒவ்வொன்றாக விழவிட்டு அசைவைப் பார்த்தாள். எட்டு, ஒன்பது.

“என்ன ஹிசா?”

நிமிர்ந்தாள். நோபுகி இடது தோளுக்கு மேலாகத் திரும்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நான் கூப்பிடலையே.”

“இல்ல, ஏதோ சத்தம். காதுகிட்டயே.” கழுத்தைத் தேய்த்தான். “யப்பா, சுளுக்கிக்கிச்சு.”

“வயசாச்சு உனக்கு. செத்துப்போற மாதிரி நடிக்கவே ஆறு தடவ திரும்பினவன்தானே நீ.”

“பெரியவருக்கு என் மூஞ்சி அவ்வளவு பிடிச்சிருந்துச்சு. நீதான் பதினோரு வருஷமா மதிக்க மாட்டேங்கிற.” அவன் சோற்றுருண்டைப் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினான். “உப்புல ஊறின ஊமேக்காய் வச்சது உனக்கு. மீன் வச்சது எனக்கு. மாத்தித் தின்னுடாத.”

அவள் சிரித்தாள். ஆனால் அந்தக் கழுத்தின் கோணத்தைக் கண் மறக்கவில்லை. தாளில் இருந்த அதே திருகல்.

பத்தையும் பதினொன்றையும் போட்டாள். அதே பார்வை, மயிரிழை வித்தியாசத்தில். பன்னிரண்டுக்கு வெள்ளைத் தாளை எடுக்கக் கட்டுக்குள் கைவிட்டாள். வந்தது மஞ்சள். பன்னிரண்டு என்று எண் போட்டிருந்தது. இடது காது மேலிருந்து பாதிவரை பிளந்து தொங்கியது. கற்பூர நெடி இப்போது தெளிவாகவே அடித்தது. ஜன்னல் பக்கம் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். நீல மெத்தை. குழி. அவ்வளவுதான். போய்த் தொலையட்டும், ஆறு மணிக்குள் முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று இழுத்தாள். காதின் கடைசிக் கோட்டைப் போட்டாள். விரல்கள் தாள்களைத் தூக்கின. பத்து, பதினொன்று, பன்னிரண்டு.

நோபுகி அலறினான்.

நாற்காலி கவிழ்ந்தது. அவள் ஓடினாள். காதைப் பொத்திய அவன் விரல்களுக்கிடையே ரத்தம் பீறிட்டு, சட்டைக் காலரில், அட்டவணைகளில், தின்னாமல் வைத்த சோற்றுருண்டையில் தெறித்தது. கையை விலக்கிப் பார்த்தாள். காது பாதிவரை பிளந்து தொங்கியது. கத்தி இல்லை, கண்ணாடி இல்லை, அருகே ஒன்றுமே இல்லை. கீழிருந்து அடித்த வெள்ளை வெளிச்சத்தில் ரத்தம் கறுப்பாக இருந்தது.

“என்னடி இது... யாரு... யாரு இருக்கா பின்னாடி?”

“யாருமில்ல. அழுத்திப் பிடி. பிடிடா!”

துண்டால் இறுக்கிக் கட்டினாள். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது; டாக்சிக்குப் போன் போட்டாள். மழை, பதினைந்து நிமிடம் ஆகும் என்றார்கள். அவனைத் தூக்கி நாற்காலியில் சாய்த்துவிட்டுத் தன் பையை எடுக்க மேஜைக்கு வந்தாள்.

கம்பியில் தாள்கள் ஏறியிருந்தன.

பதிமூன்று. பதினான்கு. பதினைந்து. பதினாறு. பதினேழு. எல்லாமே வெள்ளைத் தாள், சுத்தமான கோடு. பெரியவர் கை இல்லை. அவளுடைய கை. அந்த நுனி மெலிகிற கோடு அவளுக்கு மட்டுமே வரும். அவள் போடவில்லை. ஓரத்திலிருந்து கோடாலியின் விளிம்பு தாளுக்குத் தாள் இறங்கி வந்தது. எல்லாவற்றுக்கும் மேலே பதினெட்டு. பிப்ரவரியில் பெரியவர் நேரில் பார்த்து வரைந்த மூலப்படம். பாதி எழுந்த நிலையில் நோபுகி, உச்சி முதல் புருவம்வரை மண்டை பிளந்து, அவளையே பார்த்துக்கொண்டு.

“நாசமாப் போக!” என்று கத்தியபடி பதிமூன்றைப் பிய்த்துக் கசக்கினாள்.

அவன் பக்கத்தில் எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. நோபுகி வலது கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நாய் மாதிரி ஊளையிட்டான். விரல்கள் மூன்றும் தப்பான திசையில் மடங்கியிருந்தன.

அப்போது அவளுக்குப் புரிந்தது. கசங்கிய தாளை மெல்ல, மிக மெல்ல, மேஜையில் வைத்தாள். கிழிக்கக் கூடாது. கசக்கக் கூடாது. எரிக்க... சீ, நினைக்கவே கூடாது. கழற்றலாம். நோகாமல் கழற்றி எடுத்துவைக்கலாம். நடுத்தாள்கள் இல்லாவிட்டால் மிஞ்சுவது வெறும் இரண்டு படம். ஓட்டமே கிடையாது. ஓட்டமில்லாமல் அடி எங்கிருந்து விழும்?

பதினேழு. மூச்சைப் பிடித்துக்கொண்டு உருவினாள். நோபுகி முனகினான், அவ்வளவுதான். பதினாறு. பதினைந்து. பதினான்கு. பூப்போல எடுத்து இழுப்பறையில் வைத்தாள். பதினெட்டைத் தூக்கினாள். பசை போட்டதுபோல் கம்பியைப் பிடித்துக்கொண்டது. துளை ஓரம் ஒரு நகக்கண் அளவு கிழிந்தது. அங்கே அவன் நெற்றியில், முடி தொடங்குமிடத்தில், தோல் ஒரு நகக்கண் அளவு கிழிந்தது.

விட்டுவிட்டாள். இருக்கட்டும். அது மட்டும் இருந்துவிட்டுப் போகட்டும்.

“ஹிசா, டாக்சி வந்துச்சா?”

“வருது. இதோ கிளம்பிடலாம். எழுந்திரு.”

அவன் மேஜையைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்தான். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது, நிம்மதியில். தாள்களைத் தட்டி ஒழுங்குபடுத்தினாள். ஒரு தாளைச் சேர்த்தாலும் எடுத்தாலும் ஓட்டிப் பார்க்காமல் எந்த யாமசே ஆளும் மேஜையை விட்டு எழுந்ததில்லை. விரல்கள் அவளைக் கேட்காமலே தாள்நுனிகளைத் தூக்கின.

தூக்கிய பிறகுதான் பெரியவரின் குரல் ஞாபகம் வந்தது. அவள் சேர்ந்த புதிதில், அவள் போட்ட நடுப்படங்களை உருவிக் குப்பையில் போட்டபடி சொன்னது. “அடி விழறத வரையாதம்மா. வரைஞ்சா தடவிக் குடுக்கிற மாதிரி இருக்கும். நடுவுல உள்ளத உருவிடு. அப்பத்தான் எலும்புல இறங்கும்.”

தாள் விழுந்தது.

பன்னிரண்டு. பதினெட்டு.

சத்தம் ஒன்றுதான். ஈர விறகு பிளக்கிற சத்தம். அறையின் அந்தக் கோடியிலிருந்து அவள் முகம்வரை சூடாக ஏதோ தெறித்தது.

நோபுகி பாதி எழுந்தபடி நின்றான். இடது தோளுக்கு மேலாகத் திரும்பி அவளைப் பார்த்தான். மண்டை புருவம்வரை திறந்திருந்தது. கறுப்பு மூக்கில் வழிந்து, வாயில் வழிந்து, தாடையில் சொட்டியது. விழவில்லை. கண் மூடவில்லை. அடுத்த படம் இல்லை. அதனால் விழவில்லை.

பதினெட்டைத் தூக்கினாள். கீழே பன்னிரண்டு தெரிந்தது.

மண்டை மூடியது. அவன் நாற்காலியில் கிடந்தான், காதில் துண்டோடு. தொண்டை கிழிய அலறினான். அவனுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது.

“விட்டுடாத! ஹிசா! அத விட்டுடாத!”

“விட மாட்டேன். விட மாட்டேன்டா.” இடது கைவிரல்களில் தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வலது கையால் பேப்பர்வெயிட்டை எட்டினாள். விரலில் ரத்தப் பிசுக்கு. தாள் வழுக்கியது.

பதினெட்டு.

விறகு பிளந்தது. தூக்கினாள். அலறல். கிளிப்பைத் தேடினாள். அதற்குள் நுனி நழுவியது. பதினெட்டு. மறுபடி தூக்கினாள். இப்போது அவனால் அலறக்கூட முடியவில்லை. கீழே டாக்சி ஹார்ன் அடித்தது. விரல் மரத்துக்கொண்டு வந்தது. தாள் கீழே இறங்கத்தான் பார்த்தது. அதன் எடை ஒரு சோற்றுப் பருக்கை அளவு. அவளால் தாங்க முடியவில்லை.

“ஹிசா.” குழந்தை மாதிரி அழுதான். “இன்னொரு தடவ என்னால முடியாது. விழுறத வரைஞ்சு விடு. முடிச்சு விடு என்னை.”

“முடியாது என்னால.”

“உன்னாலதான் முடியும். கை நடுங்காம போடு. கெஞ்சிக் கேக்கிறேன்.”

அவனை ஒரு தடவை முழுதாகப் பார்த்தாள். கிழிந்த காது, ஒடிந்த விரல், ஊமேக்காயை அவளுக்கென்று ஒதுக்கி வைத்தவன். விரலை விட்டாள்.

சத்தத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது அவன் நின்றுகொண்டிருந்தான். பார்த்துக்கொண்டிருந்தான்.

கம்பியில் புதுத் தாளை மாட்டினாள். மூலையில் பத்தொன்பது என்று எழுதினாள். கற்பூர நெடி கழுத்துக்குப் பின்னால் வந்து நின்றது. அவள் திரும்பவில்லை. பென்சிலைத் தோளில் வைத்தாள். சரிகிற தோள், ஒரே கோடு, இருபது வருடத்தில் லட்சம் தடவை போட்ட கோடு.

கை நடுங்கியது. கோடு நடுங்கியது. இழுத்ததைச் சரிபார்க்க விரல்கள் தாளைத் தூக்கி விட்டன.

அறையின் அந்தக் கோடியில் அவன் தோள் நடுங்கத் தொடங்கியது. பிறகு கழுத்து. பிறகு பிளந்த தலை முழுவதும், இரண்டு பாதியும் தனித்தனியாக, அவளையே பார்த்தபடி, விழாமல்.