கடல் சாமந்திக்குக் கால் உண்டு

அலை மோட்டார் தண்ணீரை இடமிருந்து வலமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. கூடத்துக் கண்ணாடித் தொட்டியிலிருந்த எல்லாமே வலப்பக்கமாகச் சாய்ந்து ஆடின. சுத்தியல் பவளத்தின் பச்சைக் குமிழ்கள், குடை விரித்த காளான் பவளம், பாறை இடுக்கில் முளைத்திருந்த பாசி என்று ஒன்றும் பாக்கியில்லை. பூப்போல விரிந்த பிராணியான கடல் சாமந்தியின் விரல்கள் மட்டும் இடப்பக்கம் சாய்ந்திருந்தன.

லிஃப்ட் மெக்கானிக் தோள்பையை இறக்காமலே நின்று பார்த்தான். பகலெல்லாம் மோட்டாரோடு மல்லுக்கட்டுகிறவன் அவன். தொட்டிக்குள் கைவிட்டு நீரோட்டத்தை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தான். சரியாகத்தான் இருந்தது. இடப்பக்கம் இருந்தது குளியலறைச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் மனைவி குளித்துக்கொண்டிருந்தாள்.

தண்ணீர்ச் சத்தம் நின்றது. தாழ்ப்பாள் திறந்தது. ஈரக் காலோடு அவள் அவன் முதுகுக்குப் பின்னால் நடந்து படுக்கையறைக்குப் போனாள். சாமந்தியின் விரல்கள் அத்தனையும், அவசரமே இல்லாமல், அவள் போன பக்கமாகத் திரும்பின.

"வந்துட்டீங்களா? சின்னவனைப் பார்த்தீங்களா? இன்னைக்கு நல்லா விரிஞ்சிருக்கான்" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

சின்னவன் என்பது சாமந்திக்கு அவள் வைத்த பெயர்.

அவர்கள் கல்யாணத்துக்குக் காரணமே ஒரு லிஃப்ட்தான். பல் மருத்துவரிடம் உதவியாளராக இருந்த அவள், ஒருநாள் இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டாள். கதவிடுக்கு வழியாக வாய் ஓயாமல் கதை பேசியபடியே அவன் அதைச் சரிசெய்தான். "லிஃப்ட் நகர ஆரம்பிச்சதும் எனக்கு ஏமாற்றமா இருந்துச்சு" என்று பின்னால் அவள் சொன்னபோது அவனுக்குத் தலைகால் புரியவில்லை. இப்போது அதே மனுஷி வேலை முடிந்து வந்ததும் செருப்பைக் கழற்றுகிறாளோ இல்லையோ, தொட்டிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறாள். அவனுக்குக் கிடைப்பதெல்லாம் "ம்" ஒன்றுதான்.

தொட்டி அவனுடையது. பவளங்களை ஒவ்வொன்றாகத் தேடி வாங்கி, உப்பை அளந்து கலந்து, விளக்கைக் கூட்டிக் குறைத்து வளர்த்தவன் அவன். கல்யாண நாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்கப்போய், அவள் மீன் கடையில் இந்தச் சாமந்தியைக் கைகாட்டினாள்.

கடைக்காரர் அப்போதே தயங்கினார். "பவளத்தோட இதைச் சேர்க்கிறது ஒரே உறையில ரெண்டு கத்தி மாதிரி, சார். பவளம் வச்ச இடத்துல கிடக்கும். இதுக்குக் கால் இருக்கு. இடம் பிடிக்கலன்னா கிளம்பிடும். போற வழியில யார் மேல பட்டாலும் கொட்டிட்டுப் போகும். மோட்டார் வாயைப் பஞ்சு வச்சு மூடிடுங்க. உள்ள இழுபட்டுச்சுன்னா தொட்டி முழுக்க விஷம்தான்."

"சேர்த்து வச்சா பழகிடும்ங்க" என்றாள் மனைவி.

பழகத்தான் செய்தது, அவளோடு. மீன் துண்டைப் பிடித்தபடி அவள் கையை இறக்கினால் விரல்களோடு விரல் கோத்துக்கொள்ளும். கொட்டாது. பொறாமைதான், சந்தேகமென்ன, ஒருநாள் அவனும் கையை விட்டுப் பார்த்தான். மணிக்கட்டில் சவுக்கால் அடித்ததுபோலத் தடித்துவிட்டது.

"உங்களைக் கண்டா ஆகல போல" என்று சிரித்தாள். மருந்து தடவ வரவில்லை.

அதற்குப் பிறகு சாமந்தி நடக்கத் தொடங்கியது. முதலில் காளான் பவளம் சுருங்கிக் கரைந்தது. அடுத்தது அவன் ஆசையாக வாங்கிய ஊதாப் பவளம். மிச்சமிருந்த சுத்தியல் பவளத்தைத் தொட்டியின் மறுகோடிக்கு மாற்றினான். வேலைக்குப் போய் வருவதற்குள் சாமந்தி அதன் தோள்மீது உட்கார்ந்திருந்தது. பச்சைக் குமிழ்கள் எல்லாம் உதிர்ந்து வெள்ளை எலும்பு மட்டும் நின்றது. வேலியில் போன ஓணானைக் காசு கொடுத்து வாங்கி மடியில் கட்டிக்கொண்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் பக்கத்தில் படுத்தான். தலைமுடியில் ஷாம்பு வாசனை இல்லை. உப்பும் பாசியும் ஈரக்கல்லுமாக ஒரு வாசனை, தொட்டிமூடியைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அது. அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். வயிற்றின்மேல் கிடந்த கையில் விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து, வளைந்து, சாய்ந்து, மறுபடி எழுந்தன. மின்விசிறி ஓடவில்லை. அறையில் காற்றே இல்லை.

"ஏய், எழுந்திரு" என்று உலுக்கினான்.

"என்னங்க?"

"அதைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துடலாம்."

அவள் கண் முழுதாக விழித்துக்கொண்டது. "அதுக்கு நான்னா உயிரு."

"எனக்கு?"

அவளுக்கு அது கேட்கவே இல்லையோ என்னவோ. எழுந்து தொட்டிப் பக்கம் போய்விட்டாள்.

மறுநாள் உடம்பு சரியில்லை என்று சொல்லி வீட்டிலேயே இருந்துகொண்டான். அவள் வேலைக்குக் கிளம்பியதும் மோட்டாரின் பஞ்சு மூடியைக் கழற்றினான். சாமந்தி மோட்டாருக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. கையுறை போட்டுக்கொண்டு நீளமான குச்சியால் நெட்டினான். ஒற்றைக் காலால் பாறையைக் கவ்விக்கொண்டது. மறுபடி நெட்டினான். சட்டென்று விட்டுவிட்டது, தானாகவே முடிவெடுத்ததுபோல.

மோட்டார் முனகியது. திணறியது. பிறகு பழைய சீரான ஓசை.

தண்ணீர் பால்போல வெளுத்தது. அழுகல் நாற்றம் கூடம் முழுக்கப் பரவியது. ஜன்னல்களைத் திறந்து வைத்தான். தொட்டிக்குள் எதுவும் தெரியவில்லை. சாமந்தியின் மடியிலேயே குடியிருந்த ஆரஞ்சுநிறக் கோமாளி மீனையும் காணவில்லை. மனதுக்குள் ஒரு குளிர்ச்சி. இனி வீட்டில் இரண்டே பேர்.

என்ன பொய் சொல்வது என்று சாயங்காலம்வரை ஒத்திகை பார்த்தான். மழை இருட்டிக்கொண்டு வந்தபோது சாவி திரும்பியது.

அவள் அலறவில்லை. அழவில்லை. வெளுத்த தொட்டியை வாசலில் நின்றே பார்த்தாள். கைப்பையை வைத்தாள்.

"பஞ்சு எப்படியோ கழண்டுபோச்சு. நான் தூங்கிட்டேன், பார்க்கல" என்றான்.

"பரவாயில்லீங்க. எப்படியும் அது அங்க ரொம்ப நாள் இருந்திருக்காது."

"என்ன சொல்ற?"

"இடம் பத்தல."

நாற்காலியில் உட்கார்ந்தாள். சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டி, விஷமாகிப்போன அந்தத் தண்ணீருக்குள் வலக்கையை இறக்கினாள்.

"கையை எடும்மா! வெந்துடும்!"

"வாங்களேன். பக்கத்துல வந்து உட்காருங்க."

அந்தக் குரலை அவன் கேட்டு எத்தனை காலம்! அன்று லிஃப்ட் கதவிடுக்கு வழியாகக் கேட்ட அதே குரல். கால் தானாக நடந்தது. இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அவள் தொட்டியிலிருந்து கண்ணை எடுத்து, முகத்தைத் திருப்பி, அவனை மட்டும் பார்த்தாள். வேறு எதையும் பார்க்கவில்லை. இடக்கையால் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்கு இதுதானே வேணும்?"

"ஆமா" என்றான்.

மழை கொட்டியது. தொட்டியின் நீலவிளக்கு எரிந்தது. அவள் பிடியில் கை இதமாக இருந்தது. பிறகு லேசாக அரித்தது. பிறகு எரிந்தது. கையை இழுத்துப் பார்த்தான். வரவில்லை. அவள் இறுக்கிப் பிடிக்கவில்லை. பிடி தளர்ந்துதான் இருந்தது. ஆனாலும் தோலோடு தோல் ஒட்டியிருந்தது.

"விடு."

அவள் சிரித்தாள்.

"விடும்மா."

தொட்டியில் பால் மெல்ல அடியில் படிந்து, தண்ணீர் தெளியத் தொடங்கியது. பாறைக்குப் பின்னாலிருந்து கோமாளி மீன் வந்தது. உயிரோடு. தயங்கித் தயங்கி நீந்தி, அவளுடைய வலக்கை விரல்களுக்கு நடுவே புகுந்து, இப்படியும் அப்படியும் உரசிக்கொண்டு, வசதியாகச் சுருண்டு படுத்தது. விரல்கள் அதைச் சுற்றி ஆடின. அவன் எண்ணினான். ஐந்தைத் தாண்டியும் எண்ணிக்கை போய்க்கொண்டே இருந்தது.

கத்த வாயைத் திறந்தான். நாக்கு மரத்திருந்தது.

அவள் கண்ணிமைக்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுடைய சட்டைக் கைக்குள்ளே, முழங்கையைத் தாண்டி, வழவழவென்று இன்னும் பல விரல்கள், ஒன்றை ஒன்று முந்தாமல், மேலே ஏறிக்கொண்டிருந்தன.