இடது பக்கக் குமிழ்கள்

அண்ணன் இறந்துபோய் மூன்று வாரம் கழித்து, ஒரு மதிய வேளையில் அவன் வீட்டு மாடியறைக்குப் போனேன். அண்ணிதான் வரச் சொல்லியிருந்தாள். மறுநாள் வீட்டைக் காலி செய்துவிட்டுத் தன் தங்கையோடு போய்விடப் போகிறாள்.

"கடைசியா ஒரு பாட்டை ஓடவிட்டு வேலை பார்த்துட்டிருந்தாரு தம்பி. கீழ சமையல்கட்டுல கேட்டுச்சு. பாதியில நின்னுடுச்சு. அதை ஒரே ஒரு தடவை முழுசா கேட்டுட்டுப் போயிடறேன்."

பாட்டின் மெருகேற்றாத பச்சை ஒலி முழுசும் கணினியில் பத்திரமாக இருந்தது. அதற்கு உயிர் கொடுப்பது மேசைமேல் இருந்த இரட்டை ஃபில்டர் பெட்டி. ஒரே பெட்டியில் இரண்டு ஃபில்டர்கள். இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று. அதன் குமிழைத் திருப்பிக் குறைத்தால் ஒலி மழுங்கி, மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் கேட்பதுபோல ஆகும். பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தால் ஒன்றுமே கேட்காது. பழைய காலத்துப் பெட்டி. எதையும் சேமித்து வைக்கத் தெரியாது. குமிழை எங்கே நிறுத்தினோமோ அதுதான் கணக்கு. கை பட்டால் போச்சு.

இருபது வருடமாக இடது பக்கம் அவனுக்கு, வலது பக்கம் எனக்கு. இரண்டு தடிமாடுகள் ஒரு சின்னப் பெட்டிக்கு முன்னால் தோளை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அண்ணி சிரிப்பாள். எங்களுக்குள் ஒரே ஒரு சட்டம்தான். வேலை முடிந்தவன் தன் பக்கத்தைப் பூஜ்யத்துக்குத் திருப்ப வேண்டும். இரண்டு பக்கமும் பூஜ்யத்துக்கு வரும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது.

அவன் பக்கம் திறந்தே கிடந்தது. பாவி, பாதி வேலையில்தான் போயிருக்கிறான்.

சுவிட்சைப் போட்டேன். தூசி சூடாகும் வாடை எழுந்தது. பெட்டி சூடேறக் காத்திருந்தபோது, மூன்று வாரமாக என் வீட்டில் வேறொரு பெட்டியில் தனியாக வேலை செய்து பழகிய கை, புது வேலை தொடங்கும் நினைப்பில் எல்லாக் குமிழ்களையும் வரிசையாகப் பூஜ்யத்துக்குத் திருப்பிவிட்டது.

இடது பக்கத்தையும்.

அவன் கடைசியாக விரல் வைத்த இடத்தை நானே அழித்துவிட்டேன். அண்ணியிடம் என்ன சொல்வேன்? எப்படியாவது ஒப்பேற்றலாம் என்று பாட்டை ஓடவிட்டு ஹெட்போனை மாட்டினேன்.

எதுவும் கேட்கவில்லை.

பிறகு இடது காதில் மட்டும் ஒரு முனகல் கேட்டது.

குனிந்து பார்த்தேன். இடது குமிழ் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

என் கைகள் இரண்டும் மடியில் இருந்தன.

முனகல் விரிந்து ராகமாயிற்று. என் முறை வரும்போது அண்ணன் தோளால் லேசாக இடிப்பான். அந்த இடம் வந்தது.

இடித்தான்.

என் வலது கை தானாகவே தன் குமிழைத் தேடிப் போனது. ஸ்பீக்கரையும் திறந்துவிட்டேன். பாட்டு முழுசாக ஓடி முடிந்தது.

படியில் அண்ணி நின்றிருந்தாள். "இதேதான் தம்பி," என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

என் பக்கத்தைப் பூஜ்யத்துக்குத் திருப்பிவிட்டுக் காத்திருந்தேன். வெயில் சுவரை விட்டு இறங்கியது. இடது பக்கம் அசையவில்லை.

"போதும்ண்ணா," என்று கிசுகிசுத்தேன். "முடிச்சிடலாம்."

குமிழ் அப்படியே நின்றது.

அதற்குமேல் அங்கே உட்கார எனக்குத் தைரியம் இல்லை. இடது பக்கத்தையும் நானே திருப்பினேன். சட்டப்படி தப்பு, தெரியும். வயரைப் பிடுங்கி, பெட்டியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தேன். என் வீட்டில் என்னைத் தவிர யாரும் கிடையாது. அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

காலையில் பூட்டைத் திறந்து துண்டைப் பிரித்தேன். இடது பக்கம் திறந்திருந்தது. அது எதிர்பார்த்ததுதான்.

வலது பக்கமும் திறந்திருந்தது.

நான் முடித்துவிட்டேன் என்பதை அவன் ஒப்புக்கொள்ளவில்லை. பெட்டியை மேசைமேல் வைத்தேன். பயமாகத்தான் இருந்தது. ஆனால் மூன்று வாரமாக என் வீட்டில் இருந்த தனிமை, பயத்தைவிட மோசமாக இருந்தது.

நாற்காலியை இழுத்துப் போட்டு, இடது பக்கம் இடம் விட்டு உட்கார்ந்தேன்.