கடைசி வீட்டுச் சோதனை

இரண்டு வருஷத்துக்குப் பிறகு மேற்பார்வையாளர் மறுபடி அந்தத் தெருவுக்கு வந்தார். கையில் கசிவு காட்டும் கருவி, கக்கத்தில் சோதனைத் தாள்கள். எரிவாயுக் குழாயில் அழுத்தத்தை ஒரேயடியாக ஏற்றக் கூடாது. கால் பங்கு ஏற்றி நிறுத்த வேண்டும், வீடு வீடாகப் போய்க் கசிவு பார்க்க வேண்டும், எல்லாம் சரியென்றால்தான் அடுத்த கால் பங்கு. சின்னப் பிள்ளைக்கும் புரிகிற விதி. போன முறை இதே தெருவில் அவர் அதைக் காற்றில் பறக்க விட்டார்.

அன்று கடைசி வீட்டுக் கதவைத் தட்டியபோது உள்ளிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள். "வர்றேங்க, ஒரு நிமிஷம்." காலை இழுத்து இழுத்து நடக்கும் சத்தமும் கேட்டது. அந்த ஒரு நிமிஷத்துக்கு அவருக்குப் பொறுமையில்லை. 'கசிவு இல்லை' என்று எழுதிவிட்டு, "ஏத்துப்பா" என்று வால்வுக்காரனுக்குப் போன் போட்டார். அரை மணியில் சமையலறை வெடித்தது. அடுப்பை மூடாமல் விட்டாள் என்று பழியைச் செத்தவள் தலையிலேயே கட்டினார்கள். அவர் வாயே திறக்கவில்லை.

இன்று மத்தியானத்துக்குள் முப்பது வீடு முடிந்தது. நல்ல வெயில். முப்பத்தொன்றாவதான அந்தக் கடைசி வீட்டுக் கதவைத் தட்டக் கை எழவில்லை. ஒருவழியாகத் தட்டினார்.

அவள் கணவர்தான் திறந்தார். வீட்டிலேயே கடிகாரம் பழுது பார்ப்பவர்.

"வாங்க சார். மெதுவா பாருங்க. அவ அஜாக்கிரதையால உங்களுக்கெல்லாம் எவ்ளோ கெட்ட பேரு. மன்னிச்சுக்கணும்."

மேற்பார்வையாளருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

சமையலறைக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். ஜன்னல் திறந்தே இருந்தது. ஆனாலும் எரிவாயுவில் கலக்கிற அழுகிய முட்டை வாடை மூக்கை அடைத்தது. கருவியைக் குழாய் மூட்டில் வைத்தார். பூஜ்யம். அடுப்படியில் வைத்தார். பூஜ்யம்.

அப்போது பின்னால் கேட்டது.

காலை இழுத்து நடக்கும் சத்தம்.

அது அவரைக் கடந்து வாசலை நோக்கிப் போனது.

"வீட்ல வேற யாராவது..."

"நான் மட்டும்தான்." கணவர் குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்கும் கேக்குதா? என் பிரமைன்னு நெனச்சேன். தினம் மத்தியானம் கதவு வரைக்கும் வந்து நின்னுடும். அன்னைக்கு யாருக்குத் தெறக்கப் போனாளோ." "சார், ஒண்ணு கேக்கட்டுமா? நீங்க சோதிக்க வந்தப்ப அடுப்பு மூடித்தானே இருந்துச்சு?"

அன்று உள்ளேயே வரவில்லை என்று சொல்ல வாயெடுத்தார். வேலை போய்விடும், ஜெயில்கூட வரலாம். என் பிள்ளைகள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று நினைத்தார். இந்த மனிதர் இரண்டு வருஷமாய்த் தன் மனைவிக்காக ஊரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பதும் தெரிந்தது. தெரிந்தும் சொன்னார்.

"நான் வந்தப்ப எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு."

"அப்ப அவ தப்புதான்," என்றார் கணவர், ஏறிட்டுப் பார்க்காமல்.

சத்தம் நின்றது.

பிறகு திரும்பியது. மெதுவாக, மிக மெதுவாக, மேற்பார்வையாளருக்கு நேர் எதிரே வந்து நின்றது. சூடான மூச்சு ஒன்று முகத்தில் பட்டது. அவருக்குப் பயத்தைவிட வெட்கமே அதிகமாக இருந்தது. 'கசிவு இல்லை' என்று கிறுக்கிவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்தார்.

தெருமுனையில் வால்வருகே இன்ஜினியர் தாளை வாங்கிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"என்ன சார் இது? முப்பத்தொரு வீட்டுக்கும் ஒரே மாதிரி எழுதியிருக்கீங்க?"

"கசிவு இல்ல, அதான்..."

"நீங்களே படிங்க."

அவருடைய சாய்ந்த கையெழுத்துதான், சந்தேகமில்லை. ஒவ்வொரு வரியிலும் இருந்தது: 'உள்ளே ஒருத்தி இருந்தாள். நான் நிற்கவில்லை.'

அடுத்த தாளைப் புரட்டினார். நாளை போக வேண்டிய தெருவின் வெற்றுத் தாள் அது. அதிலும் முதல் வரியில் அதே வாக்கியம் எழுதப்பட்டிருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது வரி தானாகத் தொடங்கியது.